பால் கணக்கு நோட்டில் ரயில் இன்ஜின்கள்

திருமழிசையில் ரயில் கிடையாது. ஆழ்வார் பிறந்த தலம், ஜெகந்நாதப் பெருமாள் கோயில், ஒத்தாண்டேஸ்வரர் கோயில், பெங்களூர் ரோடு, பிற்பாடு வந்த சிட்கோ தொழிற்பேட்டை எல்லாம் உண்டு. தண்டவாளம் மட்டும் இல்லை. ரயில் பார்க்க வேண்டுமென்றால் வடக்கே கூவத்தைத் தாண்டி ஆவடிக்கோ பட்டாபிராமுக்கோ திருநின்றவூருக்கோ போக வேண்டும். 1970களில் எங்கள் ஊரில் இரவு ஒன்பது மணிக்கு மேல் சத்தம் என்று ஒன்றும் இருக்காது. மார்கழியில் வாடைக்காற்று அடிக்கும்போது அந்தப் பக்கத்திலிருந்து கரி இன்ஜினின் ஊதல் கேட்கும். "ஏதோ மெயில் போவுது" என்பார் அப்பா. எந்த மெயில் என்பது அவருக்குத் தேவைப்படவில்லை. எனக்குத் தேவைப்பட்டது.

பன்னிரண்டு வயதில் சைக்கிள் கைக்கு வந்ததும் ஞாயிற்றுக்கிழமைகளில் கிளம்பிவிடுவேன். பூந்தமல்லி, சென்னீர்க்குப்பம், பருத்திப்பட்டு, அப்புறம் ஆவடி. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கையில் ஒரு நீள நோட்டு. வீட்டில் இரண்டு எருமை இருந்தது. யாருக்கு எத்தனை ஆழாக்குப் பால், யார் பாக்கி என்று அம்மா எழுதிவைத்த நோட்டு அது. முன்பக்கத்திலிருந்து பால் கணக்கு வரும். பின்பக்கத்திலிருந்து என்னுடைய இன்ஜின் கணக்கு வரும். தேதி, நேரம், வண்டி, இன்ஜின் எண், எந்த ஷெட், கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். இரண்டு கணக்கும் நடுவில் சந்தித்துக்கொண்டால் புது நோட்டு. அப்படி ஏழு நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

ஆவடி வழியாகப் போகும் இந்தப் பாதை சாதாரணப் பாதை இல்லை. 1856 ஜூலை 1 அன்று, ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயிலை மெட்ராஸ் ரயில்வே கம்பெனி ஓட்டியது இதன் மேல்தான். பம்பாயில் போரி பந்தரிலிருந்து தாணாவுக்கு வண்டி ஓடி மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. ஆவடி என்ற பெயரே ராணுவத் தொழிற்சாலையின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம் என்று எங்கள் பக்கத்தில் ஒரு கதை சொல்வார்கள். டாங்கித் தொழிற்சாலைக்கு வெகுகாலம் முன்பே ரயில் பாதையில் இருந்த பெயர் அது. ஆனாலும் கதை சாகாது. ஆட்டோக்காரர் முதல் பள்ளி வாத்தியார் வரை சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். மெட்ராஸ் ரயில்வே போய் 1908இல் மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா வந்தது. அதுவும் போய் 1951 ஏப்ரல் 14 அன்று தெற்கு ரயில்வே வந்தது. பெங்களூர் மெயில், பிருந்தாவன், வெஸ்ட் கோஸ்ட், நீலகிரி, பம்பாய் மெயில் எல்லாம் ஆவடியைத் தாண்டித்தான் போயாக வேண்டும். ரயில் பைத்தியம் பிடித்தவனுக்கு இதைவிட நல்ல இடம் அமையாது.

இன்ஜின் எண்ணில் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். முதலில் எழுத்துகளைப் படிக்கத் தெரிய வேண்டும். டபிள்யூ என்றால் அகலப் பாதை, ஒய் என்றால் மீட்டர் பாதை. அடுத்து டி வந்தால் டீசல், ஏ வந்தால் மாற்று மின்சாரம். எங்கள் பாதையில் இரண்டும் இல்லையென்றால் நீராவி. பிறகு பி என்றால் பயணிகள் வண்டி, ஜி என்றால் கூட்ஸ், எம் என்றால் இரண்டுக்கும். ஆக டபிள்யூ.பி. என்பது அகலப் பாதையில் பயணிகள் வண்டி இழுக்கும் நீராவி இன்ஜின். முதல் பதினாறு 1947இல் அமெரிக்காவின் பால்ட்வின் கம்பெனியிலிருந்து வந்தன. பிறகு பல நாடுகளிலும் சித்தரஞ்சனிலும் கட்டி மொத்தம் 755 ஆயிற்று. முன்பக்கம் கூம்பு மாதிரி உருண்டு நீண்டிருக்கும். அதன் நடுவில் நட்சத்திரம் வரைந்திருப்பார்கள். அதன் எண்கள் 7000இல் தொடங்கி 7754இல் முடியும். டபிள்யூ.டி.எம்.2 டீசலுக்கு 16, 17, 18 என்று தொடங்கும் ஐந்து இலக்கம். டபிள்யூ.ஏ.எம்.4 மின்சார இன்ஜினுக்குப் பெரும்பாலும் 20. இன்ஜினின் பக்கவாட்டில் ஷெட்டின் பெயர் இருக்கும். பேசின் பிரிட்ஜ் என்றால் நம்ம ஆள். கூட்டி என்றிருந்தால் ஆந்திராவிலிருந்து வந்திருக்கிறது; பொன்மலை என்றால் திருச்சிக்காரன். அரை நிமிஷத்தில் கடந்துபோகும் இரும்புக்கு ஒரு சொந்த ஊர் இருக்கிறது என்பதே அந்த வயதில் எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

கரி இன்ஜினின் எண்ணைப் பிடிப்பது சுலபமில்லை. புகை, கரி, எண்ணெய்ப் பிசுக்கு. என் நோட்டில் பாதி எண்கள் அரைகுறை: '72' எழுதி அடுத்து ஒரு கோடு, பிறகு '8'. கோட்டின் இடத்தில் என்ன இருந்தது என்பது கரிக்குத்தான் தெரியும்.

இங்கிலாந்தில் இதற்கெல்லாம் அச்சிட்ட புத்தகம் இருந்தது. அங்கே சதர்ன் ரயில்வேயில் வேலை பார்த்த இயன் ஆலன் என்ற இளைஞர், இன்ஜின்களைப் பற்றி ஜனங்கள் கேட்டு எழுதும் கடிதங்களுக்குப் பதில் போட்டுப் போட்டு அலுத்து, எண்களையெல்லாம் ஒரு சிறு புத்தகமாக 1942இல் போட்டார். யுத்த காலத்தில்! விற்றுத் தீர்ந்தது. பையன்கள் அதை வாங்கிப் பார்த்த எண்ணைப் பென்சிலால் அடிக்கோடிடுவார்கள். அங்கே வேலை, ஏற்கெனவே உள்ள பட்டியலில் டிக் போடுவது. நமக்கு அப்படிப் பட்டியல் எதுவும் கடையில் கிடைக்கவில்லை. பட்டியலையே நாம்தான் போட வேண்டும். பெரம்பூர் கேரேஜில் ஃபிட்டராக இருந்த என் தாய்மாமா பழைய கால அட்டவணை ஒன்றைக் கொண்டுவந்து கொடுப்பார். அதற்கு மேல் உதவி கிடையாது. "எண்ணை எழுதி இன்னாடா பண்ணப் போற? இன்ஜின் உனக்குப் பென்சன் குடுக்குமா?" என்பார். ஆனால் எந்த ஷெட்டுக்கு எந்த டீசல் மாறிவிட்டது என்ற சேதியை மறக்காமல் சொல்வதும் அவர்தான்.

கேமரா விஷயத்துக்கு வருகிறேன்.

அந்தக் காலத்தில் நடுத்தரக் குடும்பத்துக் கேமரா என்றால் ஆக்ஃபா கிளிக் 3. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம். ஷட்டருக்கு ஒரே வேகம்தான். வெயிலா மேகமா என்று மட்டும் கேட்கும். நிற்கிற மாப்பிள்ளை பெண்ணை எடுக்க அது போதும். ஓடுகிற பிருந்தாவனை எடுத்தால் நீளமான ஒரு பூச்சு வரும். ஆகவே வண்டி ஸ்டேஷனில் நின்றால்தான் படம். ஃபிலிம், கிழக்கு ஜெர்மனியின் ஓர்வோ, இல்லாவிட்டால் ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த இந்து. ஊட்டியிலிருந்து ஃபிலிம், ஊட்டி மலை ரயிலின் இன்ஜினோ சுவிட்சர்லாந்து வின்டர்தூரிலிருந்து. இந்த வேடிக்கையை நான் மாமாவிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

பணம் ஒரு தடை. அதைவிடப் பெரிய தடை சட்டம். 1923ஆம் வருஷத்து அலுவல் ரகசியச் சட்டத்தின்படி மத்திய அரசு அறிவித்தால் ஒரு ரயில் பாதையையே தடைசெய்யப்பட்ட இடமாக்கிவிடலாம். வெள்ளைக்காரன் போட்ட சட்டம். அவன் போன பிறகும் அப்படியே இருந்தது. நடைமுறையில் ரயில்வே வளாகத்தில் படம் எடுக்க எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும். ஆவடிப் பக்கத்தில் கேட்கவே வேண்டாம். கனரக வாகனத் தொழிற்சாலை, ஆயுதக் கிடங்குகள், பட்டாபிராமிலிருந்து கிளை பிரிந்து 'மிலிட்டரி சைடிங்' என்றே பெயர் வைத்த நிறுத்தம் வரை போகும் லோக்கல். தார்ப்பாய் போட்டு மூடிய சரக்கோடு கூட்ஸ் நிற்கும். அதற்குப் பக்கத்தில் ஒரு பையன் கேமராவும் நோட்டும் வைத்துக்கொண்டு நின்றால் எப்படித் தோன்றும்?

தோன்றத்தான் செய்தது. ஒரு ஸ்டேஷனில், பெயர் வேண்டாம், சீருடைக்காரர் ஒருவர் தோளில் கை வைத்தார். மாமாவிடம் இரவல் வாங்கி வந்த கேமரா.

"இன்னா தம்பி, யாருக்கு எடுத்துனு போற?"

"எனக்குத்தான் சார். இன்ஜின் பிடிக்கும்."

"இன்ஜின் பிடிக்குமா?" அவர் கேமராவின் பின்கதவைத் திறந்தார். சுருள் வெயிலில் விழுந்தது. ஒன்பது படங்கள் அதில் இருந்தன. பிறகு நோட்டைக் கேட்டார். நடுங்கிக்கொண்டே கொடுத்தேன். அவர் முன்பக்கத்தைப் புரட்டினார். வாத்தியார் வீடு ஒன்றரை ஆழாக்கு, டெய்லர் பாக்கி நாலு ரூபாய். இரண்டு பக்கம் பொறுமையாகப் படித்தார். "பால் வியாபாரமா? போ, போ. படிக்கிற வேலையப் பாரு" என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். அவர் கெட்டவர் என்று எனக்கு இன்றுவரை தோன்றவில்லை. அவருக்குக் கொடுத்திருந்த வேலை அது. கேமராவில் இருந்தது போயிற்று, பால் கணக்கின் முதுகில் இருந்தது பிழைத்தது. அதற்குப் பிறகு பல வருஷம் கேமராவை நான் தொடவே இல்லை.

ஆனால் அதே வருஷங்களில் வெளிநாட்டுக்காரர்கள் நம் ஸ்டேஷன்களில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பிரிட்டிஷ் ரயில்வே 1968 ஆகஸ்ட் 11 அன்று பிரதான பாதைகளில் நீராவியை ஓட்டி முடித்துக்கொண்டது. ஜப்பானும் 1970களின் நடுவில் முடித்தது. நீராவியைக் காதலித்தவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு இந்தியா, தென்னாப்பிரிக்கா, சீனா என்று கிளம்பினார்கள். முன்கூட்டியே கடிதம் எழுதி அனுமதி வாங்கி, கலர் சிலைடு ஃபிலிமோடு வந்து ஷெட் ஷெட்டாகச் சுற்றினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஹ்யூ ஹியூஸ் என்ற ஆங்கிலேயர் 1990இலிருந்து பல பாகங்களாக வெளியிட்ட இந்திய இன்ஜின்களின் பட்டியல் இல்லையென்றால், என் நோட்டிலுள்ள பல அரைகுறை எண்களுக்கு இன்ன வகை என்றுகூட அர்த்தம் சொல்லியிருக்க முடியாது. டெல்லியில் 1977இல் திறந்த ரயில் அருங்காட்சியகத்துக்கு ஆலோசனை சொல்லி உருவாக்கியதில் மைக்கேல் சாட்டோ என்ற ஆங்கிலேயரின் உழைப்பு பெரிது. இதையெல்லாம் ஒப்புக்கொண்டுதான் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தப் படங்களைப் புத்தகங்களில் பார்க்கும்போது 1978ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டில் டீசல் இன்ஜினே ஓடவில்லையோ என்று சந்தேகம் வந்துவிடும். எல்லாம் கரி இன்ஜின். பின்னால் பனைமரம், முன்னால் வயல், மேலே புகை. அவர்கள் நீராவிக்காக வந்தவர்கள். டீசல் வந்தால் கேமராவைக் கீழே இறக்கிவிடுவார்கள். ஃபிலிம் அவர்களுக்கும் காசுதானே. என் நோட்டில் ஒரு ஞாயிறு காலை இப்படி இருக்கிறது: டீசல், டீசல், கூட்ஸோடு டபிள்யூ.ஜி., டீசல், பாசஞ்சரோடு டபிள்யூ.பி., டீசல். 2600 குதிரை சக்தியுள்ள டபிள்யூ.டி.எம்.2, அமெரிக்க ஆல்கோவின் வடிவமைப்பு. 1962இல் வந்திறங்கி, பிறகு வாராணசியில் கட்டி, நாடு முழுக்கப் பரவிவிட்ட இன்ஜின். கிளம்பும்போது கறுப்புப் புகையை ஆளுயரத்துக்குத் தள்ளும். நின்றிருக்கும்போது 'டக டக டக' என்று ஒரு பெரிய தையல் மிஷின் மாதிரி அடித்துக்கொண்டிருக்கும். நிஜத்தில் நாங்கள் வாழ்ந்தது இந்தக் கலப்பில்தான். நோட்டுக்கு அழகு தெரியாது. எது வந்ததோ அதை எழுதும்.

இந்தக் கலப்பு மிக விசித்திரமாக இருந்தது மின்மயம் வந்த ஐந்தாறு வருஷங்களில். 1979இல் சென்ட்ரலிலிருந்து திருவள்ளூர் வரை மின்கம்பி வந்தது. 1982இல் அரக்கோணம் வரை. அண்ணனூரில் மின்சார ரயில்களுக்குக் கார் ஷெட். அரக்கோணத்தில் மின்சார இன்ஜின்களுக்கு ஷெட். 25,000 வோல்ட் கம்பிக்குக் கீழே டீசல் எக்ஸ்பிரஸ் போகும். அதற்குப் பின்னால் பளபளவென்று மின்சார ரயில் வரும். லூப் லைனில் ஒரு கரி இன்ஜின் பெருமூச்சு விட்டுக்கொண்டு வழிக்காகக் காத்திருக்கும். மூன்று யுகம், ஒரே ஸ்டேஷன். கரி இன்ஜினின் புகைபோக்கிக்கு நேர் மேலே அந்தக் கம்பி போவதைப் பார்க்க எனக்கு ஏதோ செய்யும். இந்த மூன்றும் ஒரே சட்டத்துக்குள் இருக்கும் படம் ஒன்றை நான் எங்கேயும் பார்த்ததில்லை. மின்கம்பங்கள் வந்ததும் படக்காரர்கள் இந்தப் பாதையைக் கைவிட்டார்கள். குறுக்கே கம்பம் நிற்கிறதாம், படம் கெட்டுவிடுகிறதாம். ஆக, நூற்று இருபத்து மூன்று வருஷம் புகை ஓடிய பாதையில் புகை நின்றுகொண்டிருந்த நாட்களுக்குச் சாட்சி குறைவு.

1980களின் நடுவில் என் நோட்டில் நான்கு இலக்க எண்கள் அருகிப்போகின்றன. ஒரு பக்கத்தில் ஒன்று. பிறகு மூன்று பக்கத்துக்கு ஒன்று. பிறகு இல்லை. நாட்டில் அகலப் பாதை நீராவி அதிகாரபூர்வமாக முடிந்தது 1995 டிசம்பரில், பஞ்சாபில். எங்கள் பக்கத்தில் அதற்கெல்லாம் வெகுமுன்பே, மாலை மரியாதை எதுவும் இல்லாமல் முடிந்தது. என்றைக்குக் கடைசி என்று யாரும் அறிவிக்கவில்லை. வராதபோது வரவில்லை.

எழும்பூர் பக்கத்து மீட்டர் பாதையைப் பற்றித் தனியாக எழுதலாம்; இங்கே இரண்டு வரி. கடற்கரை–தாம்பரம் 1931லேயே மின்மயம். 1960களில் அதை மாற்று மின்சாரத்துக்கு மாற்றி ஜப்பானிலிருந்து ஒய்.ஏ.எம்.1 இன்ஜின்களைக் கொண்டுவந்தார்கள். மீட்டர் பாதையில் மின்சார இன்ஜின் இந்தியாவில் வேறெங்கும் கிடையாது. 2004இல் தாம்பரம் மீட்டர் பாதை மூடியபோது அதுவும் போயிற்று. வழியனுப்பக் கூட்டம் வந்தது என்பது உண்மை. அதற்குள் எல்லாருக்கும் கேமரா வந்துவிட்டது.

காப்பாற்றப்பட்டவையும் உண்டு. ஐ.சி.எஃப். பக்கத்தில் 2002இல் ரயில் அருங்காட்சியகம் திறந்தார்கள். பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ் தொழிலாளர்கள் 2010இல் ஒரு அசாத்தியம் செய்தார்கள்: 1855இல் இங்கிலாந்தின் லீட்ஸில் கட்டிய ஈ.ஐ.ஆர். 21 என்ற இன்ஜினை, நூறு வருஷம் போலக் காட்சிப் பொருளாக நின்றிருந்ததை, மறுபடி ஓடவைத்தார்கள். எழும்பூரிலிருந்து கோடம்பாக்கம் வரை அது ஓடியபோது ஜனங்கள் பாலத்தின் மேல் நின்று பார்த்தார்கள். ஊட்டி மலை ரயில் 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. தமிழ்நாட்டில் அதிகம் படமெடுக்கப்பட்ட இன்ஜின் அதுதான் என்று தாராளமாகச் சொல்லலாம். ஆனால் கல்கத்தாவில் ஓடிய மிகப் பழையதும் மலைமேல் ஓடும் மிக அழகானதும்தான் நமக்கு மிஞ்சின. ஆபீஸுக்கும் மில்லுக்கும் பெரம்பூர் வேலைக்கும் ஆயிரக்கணக்கான பேரைத் தினம் இழுத்துப் போனது பழைய இரும்பு எடைக்குப் போயிற்று.

டபிள்யூ.ஏ.எம்.4-க்கும் இதே கதிதான். 3640 குதிரை சக்தி, அரக்கோணம் ஷெட்டின் செல்லம், இருபது வருஷத்துக்கு மேல் எங்கள் பாதையின் முகம். அதை யாரும் அழகு என்று சொன்னதில்லை. டபிள்யூ.ஏ.பி.4 வந்தது, பிறகு டபிள்யூ.ஏ.பி.7 வந்தது. இன்று திருநின்றவூரில் நின்றால் ராயபுரம் ஷெட்டின் டபிள்யூ.ஏ.பி.7கள் கூவாமல் புகையாமல் ஒரு சீறலோடு கடக்கின்றன. பிளாட்பாரத்தில் ஏழெட்டுப் பையன்கள் கைபேசியில் வீடியோ எடுக்கிறார்கள். எண்ணை எழுதுவதில்லை, வீடியோவை நிறுத்திப் பார்த்துக்கொள்ளலாமாம். கெட்டிக்காரர்கள்.

நாலு வருஷம் முன்பு எங்கள் தெருக்கோடியில் மனை வாங்கி வீடு கட்டிக் குடிவந்தார் ஒருவர். ஓய்வு பெற்ற ரயில் டிரைவர். பேசின் பிரிட்ஜில் இரண்டாம் ஃபயர்மேனாகச் சேர்ந்து, கரி அள்ளி, டீசல் அசிஸ்டென்ட் ஆகி, கடைசியில் மின்சார இன்ஜினில் முடித்தவர். டபிள்யூ.பி.யில் கரியைக் கையால்தான் அள்ளிப் போட வேண்டும். முதல் ஃபயர்மேன், இரண்டாம் ஃபயர்மேன் என்று இரண்டு பேர். ஒருவர் டெண்டரிலிருந்து கரியை உடைத்துத் தள்ள, மற்றவர் நெருப்பில் வீச வேண்டும். குவித்துப் போடக் கூடாது, பரப்பிப் போட வேண்டும். ஆடுகிற தளத்தில் நின்றுகொண்டு. அவருடைய வலது முன்கையில் முடி முளைப்பதே இல்லை. காட்டினார்.

நோட்டைப் பற்றிச் சொன்னேன். "78ல எதுனா இருக்குதா சார்?" என்றார். இருந்தது. எடுத்து வந்து கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எண்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். என் அரைகுறை எண் ஒன்றில் நின்று, "இது அதுவாத்தான் இருக்கணும். பிரேக் சரியா புடிக்காது" என்றார். அப்புறம் குறிப்புக் கட்டத்துக்கு வந்தார். ஆகஸ்ட் மாதத்து ஒரு ஞாயிறு. பாசஞ்சர் வண்டி, டபிள்யூ.பி., எண் தெரியவில்லை. குறிப்பில் பதினைந்து வயது நான் எழுதியிருந்தது: 'ஃபயர்மேன் தலையில் சிவப்புத் துண்டு. கையைக் காட்டினார்.'

நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "சேப்புத் துண்டு கட்னவன் எங்க ஷெட்டுல ஒருத்தன்தான் சார். கூடவே சேர்ந்தவன். நெஞ்சு வலி வந்து நாப்பது வயசுல போய்ட்டான். கல்யாண போட்டோ ஒண்ணு இருக்குது அவுங்க ஊட்ல. வேலை செய்ற மாதிரி ஒண்ணுகூட இல்ல."

"அண்ணே, இது போட்டோ இல்லையே" என்றேன்.

"பரவால்ல சார்."

பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடைக்கு அவரே நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். எத்தனை காப்பி என்று கடைப் பையன் கேட்டான். மூணு என்றார். ஒண்ணு எனக்கு, ஒண்ணு அவன் பொண்ணுக்கு, ஒண்ணு கைல இருக்கட்டும். தாளின் மறுபக்கத்தில் இருந்த பால் கணக்கு மங்கலாகத் தெரிந்தது. வெளுப்பாகப் போடட்டுமா என்று பையன் கேட்டான். அப்படியே இருக்கட்டும் என்றார்.